எல்லாத் தெருவும் அமர்வதே ஊரவை

(ஊர்ப் பொதுக்கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆட்சி என்றால் சென்னைக் கோட்டையையும் தில்லியையுமே நினைக்கப் பழகிவிட்டோம். நம் இனத்திற்கு உரிமை வேண்டும் என்று மேடைதோறும் முழங்குகின்றோம். முழங்கவும் வேண்டும். ஆனால், நம் தெருமுனைக் குடிநீர்த் தொட்டிக்கு வந்த பணம் எவ்வளவு, அது எங்கே போயிற்று என்று கேட்பதற்குரிய இடம் ஒன்று நம் ஊரிலேயே இருக்கின்றது. அங்கே நாம் போவதில்லை. போகின்ற சிலரும் எல்லாத் தெருவினரையும் உடன் அழைத்துக்கொண்டு போவதில்லை. இந்தக் குறையைப் பற்றித்தான் இன்று உங்கள்முன் பேச வந்துள்ளேன்.

தமிழன் அன்றே குடியாட்சி கண்டவன் என்பதற்கு உத்தரமேரூர்க் கல்வெட்டுகளை எடுத்துக்காட்டாத பேச்சாளர் இல்லை. முதற் பராந்தகச் சோழன் காலத்தில், 919-இலும் 921-இலும் பொறிக்கப்பெற்ற கல்வெட்டுகள் அவை. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்தனர். தகுதியுடையார் பெயர்களை ஓலை நறுக்குகளில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் மீண்டும் பொறுப்பேற்க இயலாது. முந்திய மூன்றாண்டுகளுக்குள் வாரியப் பொறுப்பிலிருந்தவன் பெயரும் குடத்தில் ஏறாது. இவை போற்றத்தக்க விதிகளே. இன்று கூட நமக்கு வேண்டிய விதிகளே.

ஆயினும், கல்வெட்டை முழுமையும் படிக்கும் நேர்மை நமக்கு வேண்டும். இறை செலுத்தும் நிலம் உடையவனாக, தன் மனையில் வீடு கட்டியவனாக, மறை ஓதியவனாக இருந்தால்தான் அவன் பெயர் ஓலையில் எழுதப்படும். அது பார்ப்பனர்க்குக் கொடையாக விடப்பட்ட ஊரின் அவை. அந்நிலத்தை உழுதவன் பெயர் அக்குடத்தில் இல்லை. நெய்தவன் பெயரும் பானை வனைந்தவன் பெயரும் பறையறைந்தவன் பெயரும் இல்லை. பெண்ணின் பெயரும் இல்லை. குடம் நம் மண்ணிலேதான் செய்யப்பட்டது. ஆனால் நம்மில் பெரும்பாலோர் பெயர் அதனுள் விழவே இல்லை! பழம்பெருமை பேசுவோர் இதையும் சேர்த்துப் பேசுதல் வேண்டும்.

ஆயிரம் ஆண்டு கழித்து அந்தக் குடத்தின் வாய் சட்டத்தால் அகலத் திறக்கப்பட்டது. இந்திய அரசியல் சட்டத்தின் 73-ஆம் திருத்தம் 1993 ஏப்பிரலில் நடைமுறைக்கு வந்தது. அதையொட்டித் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-இல் இயற்றப்பட்டது. ஒடுக்கப்பட்டோர்க்கும் பழங்குடியினர்க்கும் மக்கள்தொகைக்கேற்ற இடங்கள் ஒதுக்கப்பட்டன. மூன்றிலொரு பங்கு மகளிர்க்கு என்றிருந்ததை 2016-இல் தமிழ்நாடு சரிபாதியாக உயர்த்தியது.

சட்டம் வந்தது, மனம் வந்ததா?

மதுரை மாவட்டம் மேலூரை அடுத்த மேலவளவு ஊராட்சித் தலைவர் பொறுப்பு ஒடுக்கப்பட்டோர்க்கு ஒதுக்கப்பட்டது. தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசன் 1997 சூன் 30-ஆம் நாள், பேருந்தில் ஊர் திரும்பும் வழியில், உடன்வந்தவர்களோடு வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் செய்த குற்றம் என்ன? தலைவர் நாற்காலியில் அமர முற்பட்டதுதான்! கொன்றவனும் தமிழன், கொல்லப்பட்டவனும் தமிழன். தமிழினம் என்று நாம் ஒற்றைச் சொல்லால் சுட்டுகின்ற இனத்திற்குள் நடந்தது இது.

அதே மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊர்களிலும், விருதுநகர் மாவட்டக் கொட்டகச்சியேந்தலிலும் 1996 முதல் பத்தாண்டுகள் நிலையாக ஓர் ஊராட்சித் தலைவர் அமர முடியவில்லை. ஒன்று, வேட்புத்தாள் கொடுக்க எவரும் துணியமாட்டார்; அல்லது, வென்றவர் உடனே பொறுப்பைத் துறந்துவிடுவார். 2006 அக்தோபரில்தான் அங்கே தேர்தல் முறையாக நடந்து, தலைவர்கள் பொறுப்பிலும் நிலைத்தனர். ஓர் ஊர் தன் ஒரு தெருவை அமரவிடாதபோது, அந்த ஊருக்கே பத்தாண்டுகள் தலைவர் இல்லாமற் போயிற்று என்பதை எண்ணிப் பாருங்கள். பிறர் உரிமையை அடைக்கப் போனவன் தன் வாயிலையும் சேர்த்தே அடைத்துக்கொண்டான்.

இப்பொழுது எல்லாம் மாறிவிட்டது என்று சொல்வோர் உண்டு. 2020-இல் கடலூர் மாவட்டத் தெற்குத்திட்டையில், ஒடுக்கப்பட்ட குடியிற் பிறந்த ஊராட்சித் தலைவியைக் கூட்டத்தில் தரையில் அமரவைத்த படத்தை நாடே கண்டது. அதே ஆண்டில், திருவள்ளூர் மாவட்ட ஆத்துப்பாக்கத்தில், விடுதலை நாளன்று கொடியேற்ற விடாமல் ஊராட்சித் தலைவி தடுக்கப்பட்டார். மாவட்ட ஆட்சியர் தலையிட்ட பின்னரே கொடியேற்றினார். நாற்காலி கொடுப்பதுபோல் கொடுத்து, அமரவிடாமல் செய்வது ஒருவகைத் தீண்டாமை. மனைவியைத் தலைவியாக்கிக் கணவன் கையெழுத்துப் பேசுவது இன்னொரு வகை. கோயில் முற்றத்தில் பொறுப்பை ஏலம் விட்டு, பணமுள்ளவனுக்கே கொடுத்துவிட்டு, அதை 'ஒருமனதான தேர்வு' என்று ஊரார் பெயரால் அறிவிப்பது வேறொரு வகை.

இன்னும் சிலர் பெயர் வாக்காளர் பட்டியலுக்குள்ளேயே வருவதில்லை. செங்கற் சூளைக்கும் மரம் வெட்டவும் ஊர்விட்டு ஊர் பெயரும் இருளர் குடும்பங்களை எண்ணுங்கள். ஓரிடத்தில் நிலையாகக் குடியிருந்தால்தான் பட்டியலில் பெயர் ஏறும். அவர்கள் வாழ்வோ அவர்களை நிலைக்க விடுவதில்லை. நரிக்குறவர், குருவிக்காரர் மக்கள் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டது 2023 சனவரியில்தான். அதுவரை பழங்குடியினர்க்குரிய ஒதுக்கீட்டில் அவர்கள் போட்டியிடவே வழியில்லை. அவர்களுக்குச் சான்றிதழ் வாங்கித் தருவதும் பட்டியலில் பெயர் சேர்ப்பதும் யார் வேலை? அரசலுவலர் வேலை மட்டுமா? படித்த நம் இளைஞர்களின் வேலையும் அதுவே.

பெருமக்களே! அரசுத் தாள்களில் கிராம சபை எனப்படும் ஊரவையின் இயல்பை அறிந்துகொள்ளுங்கள். இந்த அவைக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுப்பதில்லை. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினரே. சட்டமன்றத்தில் நமக்காகப் பிறர் பேசுவர்; இங்கே நாமே பேசலாம். ஊராட்சியின் ஆண்டுத் திட்டம், வரவு செலவு, தணிக்கை அறிக்கை, வீடும் உதவியும் பெறுவோர் பட்டியல் ஆகியவை இங்கே வைக்கப்பட வேண்டும். சனவரி 26, மே 1, ஆகத்து 15, அக்தோபர் 2 என ஆண்டுக்கு நான்கு முறை கூடியதை, மார்ச்சு 22, நவம்பர் 1 ஆகிய நாள்களையும் சேர்த்து ஆறாக்கும் அறிவிப்பு 2022-இல் வெளிவந்தது. சிற்றூராயின் 50 பேர், பேரூராயின் 300 பேர் என மக்கள்தொகைக்கேற்ப வருகை அளவும் உண்டு.

அந்த அளவை நிரப்ப நம் ஊர்களில் என்ன செய்கின்றனர்? வேலைத்திட்டத்தில் மண்வெட்டும் தாய்மாரை அழைத்துவந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகின்றனர். கையெழுத்துக்கு வேண்டியவர்கள் கருத்துக்கு வேண்டாதவர்களா? கூட்டம் எந்தத் தெருவில், எந்த நேரத்தில் நடக்கின்றது என்று பாருங்கள். சில தெருவார் கால்வைக்கத் தயங்கும் கோயில் வாயிலில் நடந்தால், அவர்கள் வரமாட்டார். கூலிக்குப் போகும் நேரத்தில் நடந்தால், உழைப்பவன் வரமாட்டான். வராதவனைப் பொறுப்பற்றவன் என்று பழிப்பதற்குமுன், வரத்தக்க இடத்தில் அவையைக் கூட்டினோமா என்று கேளுங்கள்.

மொழிக்கும் இதில் இடமுண்டு. 1956-இலேயே தமிழை ஆட்சிமொழியாக்கிச் சட்டம் செய்தோம். எனினும் ஊரவையில் 'எசுட்டிமேட்டு', 'டெண்டர்', 'பில்' என்று அலுவலர் அடுக்கும்போது, கேட்கும் மக்கள் தலையாட்டிவிட்டு எழுந்துபோகின்றனர். மதிப்பீடு, ஒப்பந்தப்புள்ளி, செலவுச்சீட்டு என்று சொன்னால் பள்ளிக்குப் போகாத பாட்டிக்கும் பொருள் விளங்கும். விளங்கினால் வினா எழும். தமிழில் பேசுக என்று நாம் கேட்பது அழகுக்காக மட்டுமன்று, கணக்குக் கேட்பதற்காகவும்தான். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ உருதுவோ பேசுவோரும் இவ்வூரின் நீரைக் குடிப்பவர்களே. அவர்களும் நம்மருகில் அமர்ந்து, அனைவர்க்கும் விளங்கும் நல்ல தமிழில் தம் தெருவின் குறையைச் சொல்லட்டும்.

ஆண்டவர்கள் தேர்தலைத் தள்ளிப்போட்டால் நாம் என்ன செய்தோம் என்பதையும் எண்ணுக. 2016-இல் நடந்திருக்க வேண்டிய ஊராட்சித் தேர்தல் 2019 திசம்பரில்தான் நடந்தது. ஒன்பது மாவட்டங்களுக்கு 2021 அக்தோபர் வரை நடக்கவில்லை. இடைக்காலத்தில் தனி அலுவலர்களே ஊர்களை ஆண்டனர். சட்டமன்றத்தை மூன்றாண்டு மூடிவைத்திருந்தால் நாடு பொறுத்திருக்குமா? ஊர்மன்றம் மூடிக்கிடந்ததைப் பொறுத்துக்கொண்டோம். ஏனெனில், அது எல்லார்க்கும் உரியதாக என்றுமே இருந்ததில்லை. தனக்குரியதென்று எண்ணாத ஒன்றைக் காக்க எவன் எழுவான்?

ஆகவே, உங்களை நான் வேண்டுவது இதுதான். அடுத்த ஊரவைக்குத் தனியாகப் போகாதீர்கள். உங்கள் தெருவைத் தாண்டி, நீங்கள் இதுவரை நுழையாத தெருவுக்கு ஒரு நாள் முன்னதாகப் போங்கள். அங்குள்ளோரிடம் என்ன வேண்டும் என்று கேளுங்கள். அவர்களோடு சேர்ந்து நடந்து வாருங்கள். தரையில் அமர்ந்தால் எல்லாரும் தரையில். நாற்காலி என்றால் எல்லார்க்கும் நாற்காலி. முதற்கேள்வியை அவர்கள் கேட்கட்டும். முடிபு எழுதப்படும்வரை நீங்கள் உடனிருங்கள். எழுதியதைப் படித்துக்காட்டச் செய்யுங்கள்.

தன் ஊரில் ஒரு தெருவை ஆளவிடாத இனம், தன்னைத்தான் ஆளும் உரிமையைப் பிறரிடம் கேட்கும் தகுதியை இழக்கின்றது. அத்தகுதியை நம் ஊரிலேயே தொடங்கி ஈட்டுவோம்.

வாழ்க தமிழ்! வெல்க மக்கள் ஒற்றுமை!