நிறைகுடமே கூடத்துக்கு அழகு!

நடுவர் அவர்களே! எதிரில் உட்கார்ந்து என்னை முறைத்துக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே! மயிலாப்பூர், தி.நகர், அடையாறு என்று பல பக்கமிருந்தும் வந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே!

'கூடத்தில் படம் பார்க்க வைக்கும் கணினிக்கு அழகு வேகமா? அமைதியா?' என்பது தலைப்பு. அமைதியே என்று பேச வந்திருக்கிறேன். 'தமிழ் வாத்தியாருக்குக் கணினியைப் பத்தி என்னய்யா தெரியும்?'னு எதிரணித் தம்பி சிரிக்கிறார். தம்பி, எனக்குக் காது இருக்கு. இந்த வழக்குக்கு அது போதும்! (சிரிப்பு)

1975-இல் சென்னையில் தொலைக்காட்சி நிலையம் வந்தது. அன்றைக்கு வாங்கின பெட்டிக்குள்ளே விசிறி கிடையாது. படம் பேசும், பெட்டி பேசாது. தம்பி சொல்ற கணினி அப்படியா? வேகமான பிராசசர், பெரிய கிராபிக்ஸ் கார்டு. வேகம் வந்தால் சூடு. சூடு வந்தால் விசிறி. விசிறி வந்தால் சத்தம்.

படத்திலே கதாநாயகி ரகசியம் சொல்றா. இங்கே பெட்டி 'உய்ய்'ங்குது. பாட்டி, 'சத்தத்தைக் கூட்டுடா'ங்கிறாங்க. பேரன் கூட்டுறான். அடுத்தது சண்டைக்காட்சி! உள்ளே பிளஸ் டூ படிக்கிற பொண்ணு கதவைச் சாத்துது. பக்கத்து பிளாட்காரர் கதவைத் தட்டுறார்! (சிரிப்பு)

சிரிச்சிட்டீங்க. ஆனா இதிலே ஒரு வேதனை இருக்கு. வயதாக ஆக, கூர்மையான ஒலிகள்தான் முதலில் காதை விட்டுப் போகும். தமிழ் வாத்தியார் பாஷையில் சொன்னா, உயிரெழுத்து கேட்கும், மெய்யெழுத்து நழுவும். பின்னாலே ஓர் இரைச்சலும் இருந்தால் பேச்சே புரியாது. பெரியவங்க, 'என்னடா சொன்னான்?'னு ரெண்டு தடவை கேட்பாங்க. மூணாவது தடவை கேட்க மாட்டாங்க. பேசாம எழுந்து உள்ளே போயிடுவாங்க. குடும்பத்தோட பார்க்கத்தானே கூடத்துல வெச்சோம்? பாட்டியை அனுப்பிட்டு யாருக்கய்யா வேகம்?

அப்ப என்ன செய்யணும்? அண்ணா சாலைக்குப் பக்கத்துல ரிச்சி தெரு இருக்கு. கணினி உறுப்புகளைத் தனித்தனியா வாங்கலாம். அங்கே போய், 'எவ்வளவு வேகம்?'னு மட்டும் கேட்காதீங்க. 'எத்தனை வாட்?'னு கேளுங்க. பல்பு வாங்கும்போது கேட்கிறோமில்லே? படம் பார்க்க 35 வாட் வகை பிராசசர் போதும். 4கே படத்தைப் பிரித்துக் காட்டும் வேலைக்கு, இன்றைய பிராசசர்கள் பலவற்றுக்குள்ளேயே தனிப் பகுதி இருக்கிறது. கிராபிக்ஸ் கார்டு செலவும் மிச்சம்!

அடுத்து விசிறி. 80 மில்லிமீட்டர் விசிறியைவிட 120 மில்லிமீட்டர் விசிறியின் பரப்பு இரண்டேகால் மடங்கு. பெரிய விசிறி மெல்லச் சுற்றினாலே அதே காற்றைத் தள்ளிவிடும். ஒரு விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் சத்தம் சுமார் 15 டெசிபல் இறங்கும். காதுக்கு அது பாதிக்கும் கீழே!

ஹார்ட் டிஸ்க் நிமிஷத்துக்கு 5,400, 7,200 சுற்றுன்னு சுத்துது. எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பாகமே கிடையாது. கூடத்துக்கு அதை வையுங்க. படங்களைச் சேர்த்து வைக்கும் ஹார்ட் டிஸ்க்கை உள்ளறையில் வைத்துக் கேபிள் இழுத்துக்கொள்ளலாம். இன்னொன்று, பெட்டியை ஷோகேஸுக்குள்ளே அடைக்காதீங்க. நம்ம ஊர் மே மாச வெயிலிலே அதுவும் மூச்சு விடணும். மாசம் ஒரு முறை தூசியைத் தட்டுங்க. தூசி அடைத்தால் விசிறி மறுபடி கத்தும்.

'தலைக்கு மேலே சீலிங் ஃபேன் சுத்துதே, அது சத்தமில்லையா?'ன்னார் தம்பி. அது ஒரே சீராகச் சுற்றுகிறது; காது மறந்துவிடும். கணினி விசிறி சூட்டுக்குத் தக்கபடி ஏறும், இறங்கும். ஏறி இறங்கும் சத்தத்தைக் காது மறக்காது!

எதிரணி அம்மையார் 1987-இல் வந்த 'பேசும் படம்' படத்தை எடுத்துக்காட்டினார். நட்சத்திர ஓட்டல் அமைதியில் கமல்ஹாசனுக்குத் தூக்கம் வராது. பழகின தியேட்டர்ச் சத்தத்தை டேப்பில் பிடித்துவந்து, அதைப் போட்டுத்தான் தூங்குவார். 'பார்த்தீங்களா, சத்தம் பழகிடும்'னாங்க. அம்மா, அது வசனமே இல்லாத படம். சின்னச் சின்னச் சத்தத்தை வெச்சே கதை சொன்ன படம். உங்க வீட்டுப் பெட்டி இரைஞ்சா, அந்தப் படத்துல உங்களுக்கு என்னம்மா மிஞ்சும்? (கைதட்டல்)

நிறைகுடம் தளும்பாது என்பார்கள். தன் வேலையைச் செய்துகொண்டே தான் இருப்பது தெரியாமல் இருப்பதுதான் நல்ல கணினி. படத்துக்கு நடுவிலே பாட்டி, 'இவன் யாருடா?'னு கேட்கணும். பேரன் மெதுவா பதில் சொல்லணும். அது பாட்டிக்குக் கேட்கணும். அந்த வீட்டுக்குப் பேர்தான் வீடு!

ஆகவே நடுவர் அவர்களே, கூடத்துக் கணினிக்கு அழகு அமைதியே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு கேட்டு அமர்கிறேன்.