உலக்கையும் இயந்திரமும்

(கொல்லிமலையில் ஊராட்சி உறுப்பினர்கள், விவசாயிகள் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



நம் மலையில் சாமையும் தினையும் குறைந்து மரவள்ளி பெருகியதற்குப் பணம் மட்டும் காரணமன்று. உலக்கையும் ஒரு காரணம். கேழ்வரகை அப்படியே அரைத்துவிடலாம். சாமையிலோ உமி இறுகப் பற்றியிருக்கிறது. பகலெல்லாம் காட்டில் உழைத்த தாய்மார்கள் மீண்டும் உரலில் குற்றினால்தான் சோறு. இத்துன்பத்தை நாம் நெடுங்காலம் கணக்கில் கொள்ளவில்லை.

1988இல் சென்னையில் தொடங்கப்பெற்ற எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இதனை உணர்ந்து, இம்மலையில் உமி நீக்கும் இயந்திரங்களைச் சுய உதவிக் குழுக்களின் பொறுப்பில் அமைக்க உதவியது.

ஆயினும், இயந்திரம் வந்ததோடு நம் கடமை முடிந்துவிடவில்லை. தானியத்தை நன்கு உலர்த்தி, கல்லும் மண்ணும் நீக்கியே அதில் இடவேண்டும். அரைவைக் கூலியில் ஒரு பகுதியைப் பழுதுபார்க்கும் செலவுக்கென ஒதுக்கவேண்டும். இல்லையேல் ஒரு பெல்ட் அறுந்தாலும், காரவள்ளியிலிருந்து 70 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து ஆள் வரும்வரை, உலக்கை மீண்டும் தாய்மார்களின் கைக்கே வரும்.

கைபேசியும் அத்தகையதே. சந்தை விலையை அது சொல்லும். விதைக்கு நல்ல கதிரைத் தெரிந்தெடுக்க வேண்டியது நம் கண்ணே.

அடுத்த கிராம சபையில் இயந்திரப் பராமரிப்பை முதற்பொருளாக எடுத்துக்கொள்வோமாக.