சீனத்தில் ஒரு சிவன் கோயில் கல்



குடும்பத்தோடு அயல்நாட்டுச் சுற்றுலா போவது பற்றி இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன். சுற்றுலா என்றதும் நம்மில் பலருக்குத் தமிழ்நாட்டுக் கோயில்கள்தாம் நினைவுக்கு வரும். நாங்களோ, மூன்று ஆண்டுகள் கூட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில், சென்ற பள்ளி விடுமுறையில் சீனாவுக்குப் போய் வந்தோம்.

என் தாயார் பேராவில் ஒரு தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். அந்தத் தோட்டம் இப்போது இல்லை. அங்கே வீடமைப்புத் திட்டம் வந்துவிட்டது. பயணச் செய்தியைக் கேட்டதும் அவர், "சீனாவுல நமக்கு என்னாப்பா இருக்கு? அந்தக் காசுக்குப் பழனிக்குப் போகலாமே" என்றார். அது நியாயமான கேள்விதான். அதற்கு நான் கண்ட விடையையே இன்று சொல்கிறேன்.

சீனத்தின் தென்கிழக்குக் கரையில், பூச்சியான் மாநிலத்தில், குவான்சௌ என்றொரு துறைமுக நகரம் இருக்கிறது. எழுநூறு, எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் உலகின் பெரிய துறைமுகங்களுள் அதுவும் ஒன்று. 2021-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அதனை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. தமிழ் வணிகர்கள் அங்கே குடியிருந்தார்கள். தென்மேற்குப் பருவக்காற்றில் பாய்விரித்து மிளகும் துணியும் கொண்டு போவார்கள். வடகிழக்குப் பருவக்காற்றில் பட்டும் பீங்கானும் ஏற்றித் திரும்புவார்கள். வழியில் நம் கெடா கரையிலும் தங்குவார்கள். சோழ மன்னர்களின் தூதுக்குழுக்கள் 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சீன அரசவைக்குச் சென்றன. நாம் அன்றாடம் சொல்லும் சீனி என்ற சொல்லே அந்த உறவை நினைவூட்டுகிறது அல்லவா?

அந்நகரில் 1281-ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்துள்ளது. சீனத்தை அப்போது ஆண்டவர் குப்ளாய் கான். அந்த மன்னரின் உடல்நலம் வேண்டிச் சிவபெருமானை எழுந்தருளச் செய்த செய்தியைத் தமிழில் பொறித்து, கடைசியில் ஒரு வரியைச் சீன எழுத்தில் பொறித்திருக்கிறார்கள். பிழைக்கப் போன இடத்தில் அவர்கள் தங்கள் மொழியையும் விடவில்லை. அந்த நாட்டு மொழிக்கும் இடம் கொடுத்தார்கள்.

கோயில் பின்னர் இடிந்து போயிற்று. அதன் கற்கள் பல இடங்களுக்குப் போயின. கி.பி. 686-இல் தோன்றிய கையுவான் பௌத்தக் கோயிலின் பெரிய மண்டபத்துக்குப் பின்னால் இரண்டு தூண்கள் நிற்கின்றன. அவற்றில் நரசிம்மரையும் கண்ணனையும் கண்டோம். ஆறாம் ஆண்டில் படிக்கும் என் மகள், "அப்பா, இது நம்ம கோயிலா, அவங்க கோயிலா?" என்று கேட்டாள். ஆசிரியனாகிய எனக்கு உடனே பதில் வரவில்லை.

அந்நகரின் கடல்வாணிப அருங்காட்சியகத்தில் ஒரு யானை சிவலிங்கத்தை வழிபடும் சிற்பத்தைப் பார்த்தோம். என் தாயார், "இது திருவானைக்கா கதை ஆச்சே" என்று சொல்லிச் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி நின்றார். அதற்குப்பின் அவர் பழனியைப் பற்றிப் பேசவில்லை.

நேயர்களே, இந்தப் பயணம் எனக்கு இன்னொன்றையும் உணர்த்தியது. எங்கள் பழைய தோட்டத்துக்கு அருகே ஒரு சீனர் கடை உண்டு. சம்பளம் வரும்வரை அங்கேதான் கணக்கில் சாமான் எடுப்போம். அந்தக் கணக்குப் புத்தகத்தில் சீன எழுத்தில் இருந்த என் தாயாரின் பெயரை எங்கள் வீட்டில் ஒருவரும் படித்ததில்லை. அது எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்டதும் இல்லை. நாங்கள் புறப்படும் முன் அந்தக் கடைக்கார அம்மாள், "இவர்கள் மாட்டிறைச்சி சாப்பிட மாட்டார்கள்" என்று சீனத்தில் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். சாப்பாட்டுக் கடைதோறும் அதுவே எங்களைக் காப்பாற்றியது. அவருடைய தாத்தா குவான்சௌவைச் சேர்ந்த ஆன்சி என்ற ஊரிலிருந்து மலாயாவுக்கு வந்தவராம். "நான் அந்த ஊரைப் பார்த்ததே இல்லை, சார். படம் பிடித்து வாருங்கள்" என்றார். என் தாத்தா பிறந்த நாமக்கல்லை நானும் பார்த்ததில்லை. இருவர் கதையும் ஒன்றுதான்.

இனி, போக விரும்புவோருக்குச் சில செய்திகள். நம் நாடு சீனாவுடன் தூதரக உறவு கொண்டது 1974-ஆம் ஆண்டு மே 31-இல். ஆயினும் பொதுமக்கள் விருப்பம்போல் சென்றுவர 1990 வரை தடைகள் இருந்தன. 2025 ஜூலை முதல் மலேசியர்கள் விசா இல்லாமலே முப்பது நாள் வரை அங்கே தங்கலாம். கடப்பிதழ் எடுக்கப் பெரியவர்களுக்கு 200 வெள்ளி. பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கும், அறுபது வயதான முதியோருக்கும் 100 வெள்ளி. கடன் வாங்கிப் போகாதீர்கள், சேர்த்துவைத்துப் போங்கள்.

போக வசதியில்லையே என்று வருந்தவும் வேண்டாம். ஈப்போவிலிருந்து கோலகங்சார் போகும் சாலையில், சுண்ணாம்புக்கல் மலைக் குகைக்குள், 1926-இல் தொடங்கப்பட்ட பேராக் தோங் கோயில் இருக்கிறது. நாற்பது அடி உயரப் புத்தர் சிலையும் சுவரோவியங்களும் அங்கே உண்டு. எத்தனையோ முறை பேருந்தில் அதைக் கடந்து போயிருக்கிறேன். சீனாவுக்குப் போய் வந்த பிறகுதான் உள்ளே நுழைந்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. நீங்கள் அவ்வளவு காலம் தாழ்த்த வேண்டாம். வரும் ஞாயிற்றுக்கிழமையே பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள்.

என் மகளுக்கு ஊர் திரும்பிய பிறகு பதில் சொன்னேன். "கட்டியவர்கள் நம்மவர்கள். இத்தனை காலம் காத்து வைத்தவர்கள் அவர்கள்" என்றேன். அடுத்த நாள் அவள் ஆன்சியின் படத்தை எடுத்துக்கொண்டு கடைக்கார அம்மாளிடம் போனாள். திரும்பி வரும்போது, தன் பாட்டியின் பெயரைச் சீன எழுத்தில் எழுதி வாங்கி வந்தாள்.