கேரவன் பயணத்துக்கு எந்த பேட்டரி?

காருக்குப் பின்னால் ஒரு சின்ன வீட்டையே இழுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போவது ஆஸ்திரேலியாவில் வெகு சாதாரணம். அங்கே அதைக் கேரவன் என்பார்கள். அமெரிக்காவில் அதற்கு டிராவல் டிரெய்லர் என்று பெயர். அடுப்பு எரிவாயுவில் எரியும். விளக்கு, மின்விசிறி, தண்ணீர்ப் பம்பு, பெரும்பாலும் குளிர்சாதனப் பெட்டியும்கூட, 12 வோல்ட் பேட்டரியை நம்பியே ஓடும். கேரவன் வாங்கப் போகிறவர் மெத்தையை அழுத்திப் பார்ப்பார், திரைச்சீலையைத் தொட்டுப் பார்ப்பார். பேட்டரிப் பெட்டியின் மூடியைத் திறந்து பார்ப்பவர் அபூர்வம்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெர்த்தில் வேலை செய்யும் மகன், விடுமுறைக்கு வந்திருக்கும் அப்பா அம்மாவை அடிலெய்டுக்குக் கேரவனில் அழைத்துப் போகிறார். வழியில் நலர்போர் சமவெளி. நார்ஸ்மனிலிருந்து செடுனா வரை ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். சாலையோரத்தில் வண்டியை நிறுத்தித் தூங்க இடம் உண்டு; மின்சாரம் கிடையாது. அப்பாவுக்குத் தூக்கத்தில் மூச்சு தடைபடும். அதனால் இரவு முழுவதும் சிபாப் கருவியை மாட்டிக்கொள்ள வேண்டும். அம்மாவின் இன்சுலின் குளிர்சாதனப் பெட்டியில் இருக்கிறது. கேரவனில் இருப்பதோ 100 ஆம்பியர் மணி ஏஜிஎம் பேட்டரி ஒன்றே ஒன்று. போதுமா?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மாலை 6 மணிக்கு வண்டி நிற்கிறது, காலை 7 மணிக்குக் கிளம்புகிறது. வெயில் காலத்தில் நடுத்தர அளவுள்ள குளிர்சாதனப் பெட்டி, நின்று நின்று ஓடினாலும், சராசரியாக மணிக்கு 2.5 ஆம்பியர் இழுக்கும். 13 மணி நேரத்துக்கு 32 ஆயிற்று. எல்இடி விளக்குகளுக்கு 5, தண்ணீர்ப் பம்புக்கு 2, கைத்தொலைபேசிகளுக்கு 5. சிறிய மின்விசிறி 8 மணி நேரம் ஓடினால் 16. சிபாப் கருவிக்கு, காற்றை ஈரப்படுத்தும் வசதியை அணைத்து வைத்தால், சுமார் 20. அந்த வசதியையும் போட்டுக்கொண்டால் இரண்டு மடங்குக்கும் மேல் ஆகும். ஆக மொத்தம் ஓர் இரவுக்கு 80 ஆம்பியர் மணி.

மேலே 100 என்று எழுதியிருக்கிறதே, 80 தானே வேண்டும் என்று மகன் நினைக்கலாம். அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஏஜிஎம் என்பதும் ஈய அமில பேட்டரிதான். 1859-இல் பிரெஞ்சுக்காரரான காஸ்டன் பிளாண்டே கண்டுபிடித்த அதே குடும்பம். அதைப் பாதிக்கு மேல் தீர்த்துத் தீர்த்து மீண்டும் நிரப்பினால் அதன் ஆயுள் வேகமாகக் குறையும். ஆகவே 100 என்றால் 50 என்று எண்ணிக்கொள்வதே நல்லது. இன்னொன்று, அந்த 100 என்ற எண் பொதுவாக 20 மணி நேரக் கணக்கு. அதாவது மணிக்கு 5 ஆம்பியர் வீதம் மெதுவாக எடுத்தால் மட்டுமே 100 கிடைக்கும். வேகமாக இழுத்தால் அதுவும் குறையும். நலர்போரில் அந்தப் பாதி நள்ளிரவு தாண்டி 2 மணி வாக்கில் தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு மின்னழுத்தம் இறங்க இறங்க, குளிர்சாதனப் பெட்டி தானாகவே நிற்கும். அப்பாவின் கருவியும் நிற்கலாம்.

இதைவிட மோசமான தவறும் நடக்கிறது. காருக்கு வைக்கும் பேட்டரியையே, விலை மலிவு என்று, கேரவனில் மாட்டுகிறார்கள். அது இயந்திரத்தை முடுக்க ஒரு சில விநாடி பெரும் மின்னோட்டம் கொடுப்பதற்காக மெல்லிய தகடுகளால் செய்யப்பட்டது. இரவெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும் வேலைக்குத் தடித்த தகடுகள் கொண்ட டீப் சைக்கிள் பேட்டரிதான் தாங்கும். கார் பேட்டரியைச் சில தடவை அடியோடு தீர்த்தாலே அது பாழாகிவிடும். சிக்கனம் என்று வாங்கியது ஒரே விடுமுறையில் குப்பைக்குப் போகும்.

அப்படியென்றால் லித்தியமா? கேரவன்களில் பயன்படுவது லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை. 2019-இல் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஜான் குட்இனஃப் குழுவினர் 1990-களில் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் உருவாக்கியது. இதில் 80 விழுக்காட்டுக்கும் மேல் அச்சமின்றி எடுக்கலாம். 100 ஆம்பியர் மணி ஏஜிஎம் பேட்டரி 30 கிலோ கனக்கும். அதே அளவு லித்தியம் 12, 13 கிலோதான். கேரவனுக்கு எடை சின்ன விஷயமல்ல. தண்ணீர், எரிவாயு, துணிமணி, சமையல் சாமான் எல்லாம் சேர்த்து ஏற்ற அனுமதிக்கப்படும் எடை பல வண்டிகளில் 300, 400 கிலோவுக்குள் அடங்கிவிடும்.

ஆனாலும் லித்தியம் எல்லாருக்கும் தேவையில்லை. ஒவ்வோர் இரவும் மின் இணைப்புள்ள கேரவன் பூங்காவில் தங்குபவருக்கு ஓர் ஏஜிஎம் தாராளமாகப் போதும். கடைக்காரர் சொல்கிறாரே என்று பெரும் பணம் போட வேண்டியதில்லை. குளிரூட்டியை இரவெல்லாம் பேட்டரியில் ஓட்டும் கனவும் வேண்டாம். 1,500 வாட் இழுக்கும் குளிரூட்டி 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 125 ஆம்பியருக்கு மேல் உறிஞ்சும். 100 ஆம்பியர் மணி பேட்டரி ஒரு மணி நேரம்கூடத் தாங்காது.

லித்தியம் வாங்குபவர் பேட்டரியோடு நிறுத்திக்கொள்ள முடியாது. பழைய சார்ஜர் அதற்கு ஒத்துவருமா என்று பார்க்க வேண்டும். காரிலிருந்து நேரே ஒரு கம்பியை இழுத்துவிட்டால், ஒன்று காரின் ஆல்டர்னேட்டர் தாங்க முடியாமல் சூடாகும், இல்லையென்றால் நீண்ட கம்பியில் அழுத்தம் குறைந்து பேட்டரி நிரம்பவே நிரம்பாது. இடையில் டிசி-டிசி சார்ஜர் வேண்டும். உறைபனிக் குளிரில், 0 பாகைக்குக் கீழே, இதற்கு மின்னேற்றம் செய்யக் கூடாது. பொருத்தும் இடமும் முக்கியம். 2022-இல் வெளிவந்த ஆஸ்திரேலிய, நியூசிலாந்துக் கூட்டுத் தரவிதி, லித்தியம் பேட்டரி இருக்கும் இடம் ஆட்கள் தூங்கும் பகுதியிலிருந்து அடைத்துப் பிரிக்கப்பட்டிருக்க வேண்டும் என்கிறது. கட்டிலுக்கு அடியில் சும்மா தள்ளி வைக்கிற பொருளல்ல அது. தண்ணீர் ஊற்றும் பழைய ரக ஈய பேட்டரியும் அப்படித்தான். மின்னேற்றும்போது எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயுவை அது வெளிவிடும்.

பேட்டரிக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. அதைப் பற்றி விற்பவரும் பேசுவதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை. ஆஸ்திரேலியாவில் 2 டன்னுக்கு மேற்பட்ட இழுவை வண்டி ஓடும்போது காரிலிருந்து கழன்றுவிட்டால், அதன் பிரேக் தானாகவே பிடிக்க வேண்டும், குறைந்தது 15 நிமிடம் விடாமல் பிடித்திருக்க வேண்டும் என்பது விதி. மின்சார பிரேக் உள்ள கேரவனில் அந்தப் பிடிக்கு மின்சாரம் வருவதும் பேட்டரியிலிருந்துதான். சில வண்டிகளில் இதற்கென்று தனியாக ஒரு சிறு பேட்டரி இருக்கும், சிலவற்றில் வீட்டு பேட்டரியே இதையும் பார்த்துக்கொள்ளும். முந்தின இரவு அதை அடியோடு காலி செய்துவிட்டுக் காலையில் நெடுஞ்சாலையில் ஏறுபவர், தம் பின்னால் வரும் 2 டன் எடை கழன்றுவிட்டால் அதற்குப் பிரேக் பிடிக்காது என்பதை அறியாமலே ஓட்டுகிறார்.

அந்த மகனுக்கு இரண்டு வழிகள். முதலாவது, இன்னொரு 100 ஆம்பியர் மணி ஏஜிஎம் சேர்ப்பது. இரண்டும் சேர்ந்து 60 கிலோ, எடுக்கக்கூடியது 100. ஓர் இரவுக்குச் சரி. இரண்டாவது, 200 ஆம்பியர் மணி லித்தியம் ஒன்று. எடை ஏறத்தாழ 25 கிலோ, எடுக்கக்கூடியது 160. ஓர் இரவுக்குத் தாராளம்; ஆனால் மறுநாள் வண்டி ஓடாமல் அதே இடத்தில் நின்றால், பகலிலும் குளிர்சாதனப் பெட்டி இழுப்பதால், இரண்டாம் இரவு முழுவதற்கும் அதை நம்ப முடியாது. விலை அதிகம்தான், ஆனால் சிபாப் கருவியோடு போகும் அப்பாவுக்கு இரண்டாவதே பொருத்தம். 25 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் இருந்தால், 4 மணி நேரம் கார் ஓடினாலே 100 ஆம்பியர் மணி வரை திரும்பி வந்துவிடும். கிளம்பும் முன் பெர்த்திலேயே, வெளி மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, வீட்டு வாசலில் ஓர் இரவு எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்துவிடட்டும். பிரேக் பேட்டரியையும் அன்றைக்கே சோதித்துவிடலாம்.