சும்மா ஓடுற மாதிரி தெரியுற பம்ப்

இந்த வாரம் கோடிங் இல்ல, ஏஐ இல்ல. ஏசி.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி வேளச்சேரியில வீடு மாறினேன். பழைய ஸ்ப்ளிட் ஏசியைப் புது வீட்டுல மாட்ட ஒருத்தர் வந்தார். காப்பர் பைப்பை இணைச்சுட்டு, அவுட்டோர் யூனிட் வால்வை லேசா திறந்தார். 'உஸ்'ஸுனு ஒரு சத்தம். "உள்ள இருந்த காத்து வெளிய போயிடுச்சு சார்"னார். முக்கால் மணி நேரத்துல வேலை முடிஞ்சது. ரூம் ஜில்லுன்னு ஆச்சு. நானும் அஞ்சு ஸ்டார் கொடுத்தேன்.

அடுத்த மே மாசம் கம்ப்ரஸர் போச்சு. 14,000 ரூபாய்.

அதைப் பார்க்க வந்த அண்ணன் கேட்ட முதல் கேள்வி: "மாட்டும்போது வேக்குவம் போட்டாங்களா தம்பி?" அப்படின்னா என்னன்னே எனக்குத் தெரியல. படிச்சது இன்ஜினியரிங்!

பைப்பைத் திறந்து மூடும்போது உள்ள காத்து மாட்டிக்கும். கேஸ் மாதிரி அது திரவமா மாறாது. சும்மா இடத்தை அடைச்சுக்கிட்டு அழுத்தத்தை ஏத்தும், கரண்ட் பில்லையும் ஏத்தும். அதைவிட மோசம், காத்தோட வர்ற ஈரம். ஆர்32 மாதிரி கேஸ் ஓடுற மெஷின்ல இருக்கிற எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும். சூட்டுல அது ஆசிட் ஆகும். அந்த ஆசிட்தான் கம்ப்ரஸர் மோட்டார் காயிலை அரிக்கும். என் கம்ப்ரஸர் அதனாலதான் போச்சுன்னு நிரூபிக்க முடியாது. ஆனா வெளிய வந்த எண்ணெய் கருத்து, மூக்கைத் துளைக்கிற வாடையோட இருந்துச்சு.

பம்ப் ஈரத்தை எப்படி எடுக்குது? நான் உறிஞ்சி எடுக்கும்னு நினைச்சேன். இல்ல, கொதிக்க வைக்குது! குக்கர்ல அழுத்தம் கூடும், தண்ணி 100 டிகிரிக்கு மேலதான் கொதிக்கும். இது தலைகீழ் குக்கர். அழுத்தம் வெளிக்காத்துல இருக்கிறதுல சுமார் 4 சதவீதத்துக்கு இறங்கினாலே, 30 டிகிரியில தண்ணி கொதிச்சு ஆவியாகும். நம்ம சென்னை வெயிலுக்கு அடுப்பே வேண்டாம்.

ஆனா அதோட நிறுத்தக்கூடாது. வெளிக்காத்து அழுத்தம் 7,60,000 மைக்ரான். இறக்க வேண்டியது 500-க்கு. சாதாரண கேஜ்ல முள் ரெண்டு மூணு நிமிஷத்துல கடைசிக்குப் போய் உட்கார்ந்துடும். 99 சதவீதத்துல நிக்கிற ப்ராக்ரஸ் பார் மாதிரி, உண்மையான வேலை அதுக்கப்புறம்தான். பம்ப் இருபது, முப்பது நிமிஷம் ஓடணும். மைக்ரான் கேஜ் இருந்தா இன்னும் நல்லது. அப்புறம் வால்வை மூடி, பம்ப்பை நிறுத்திட்டுப் பத்து நிமிஷம் காத்திருக்கணும். அளவு கொஞ்சம் ஏறி நின்னுட்டா ஈரம் பாக்கி. ஏறிக்கிட்டே இருந்தா லீக்.

"உஸ்" முறையில இதெல்லாம் நடக்காது. காத்துல கொஞ்சம் போகும், ஈரம் பைப்லயே ஒட்டிக்கிட்டு இருக்கும். ஆர்32 தீப்பிடிக்கக் கூடிய கேஸும்கூட.

"ஏண்ணா நிறைய பேர் பம்ப் கொண்டு வர்றதில்ல?"னு கேட்டேன். சிரிச்சார். "பத்து கிலோ தம்பி. லிஃப்ட் இல்லாத மாடிக்கு யார் தூக்குவா? ஒரு வீட்டுக்கு இவ்வளவுன்னுதான் கூலி. சீசன்ல ஒரு நாளைக்கு ஏழு வீடு. பம்ப் போட்டா கஸ்டமரே, 'சும்மா ஓடுதே, இன்னும் எவ்ளோ நேரம்?'னு கேப்பாங்க."

எனக்குச் சுருக்னுச்சு. முதல் ஆள் வந்தன்னைக்கு எனக்கு 11 மணிக்கு மீட்டிங். "அண்ணா, சீக்கிரம் முடிச்சுடுவீங்கல்ல?"னு ரெண்டு தடவை கேட்டது நான்தான்.

ஒண்ணு சொல்லிடறேன். ஃபில்டர் கழுவுற சாதாரண வாட்டர் சர்வீஸுக்கு வேக்குவம் தேவையில்ல, அதுக்குக் காசு கேட்டா கொடுக்காதீங்க. புதுசா மாட்டும்போது, இடம் மாத்தும்போது, பைப்பைத் திறந்து ரிப்பேர் பண்ணும்போதுதான் வேணும். புக் பண்ணும்போதே "பம்ப் கொண்டு வருவீங்களா?"னு கேட்டுடுங்க. ஆள் வந்தப்புறம் கேட்டா, வண்டியில பம்ப் இருக்காது.

அன்னைக்கு அந்த அண்ணனோட பம்ப்பை மூணாவது மாடிக்கு நான்தான் தூக்கிட்டுப் போனேன். நிஜமாவே கனம். அரை மணி நேரம் ஓடுச்சு. ரெண்டு பேரும் டீ குடிச்சுட்டு முள்ளையே பார்த்துக்கிட்டு இருந்தோம். அசையல.