ஆடுகளத்தில் ஓர் ஆசிரியை



கூடை என்னுஞ் சொல் செவியில் விழுந்த மாத்திரத்தில், மலைநாட்டிலே வாழும் நமக்குக் கொழுந்துக் கூடையும் அதன் கயிற்றைத் தலையிலே தாங்கி நிற்கும் தாய்மாருமே நினைவுக்கு வருவர். இன்று நான் பேச எடுத்துக்கொண்டது வேறொரு கூடையைப் பற்றி. 1891ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்ட் நகரில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் உடற்பயிற்சி ஆசிரியர் பீச்சுப் பழக் கூடைகள் இரண்டைப் பத்தடி உயரத்தில் அறைந்து, அவற்றினுள் பந்தை எறியுமாறு தம் மாணவரைப் பணித்தார். கூடைப்பந்தாட்டம் பிறந்த கதை இதுவே.

அடுத்த ஆண்டிலேயே ஸ்மித் மகளிர் கல்லூரியின் ஆசிரியை செண்டா பெரன்சன் இவ்விளையாட்டைத் தம் மாணவியர்க்குக் கற்பித்தார். பெண்கள் ஒருவரோடொருவர் மோதலாகாது, அளவு கடந்து களைக்கவும் ஆகாது என்பது அக்காலத்தார் கொள்கை. ஆதலால் அவர் களத்தை மூன்று பகுதிகளாகப் பிரித்து, ஒருத்தி தன் பகுதியை விட்டு வெளியேறலாகாதெனவும், பிறர் கையிலுள்ள பந்தைப் பறிக்கலாகாதெனவும் விதி செய்தார். கூடைப்பந்தாட்டம் இங்கிலாந்துக்குச் சென்று, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே வலைப்பந்தாட்டமென்னும் தனி ஆட்டமாக உருப்பெற்றது. அதிலும் களம் மூன்று பகுதிகளாகவே உள்ளது.

நம் பாடசாலைகளிலே பெண்பிள்ளைகள் பெரிதும் ஆடுவது இவ்வலைப்பந்தாட்டத்தையே. பந்தை நிலத்தில் தட்டிக்கொண்டு ஓடும் முறை இதில் இல்லை. ஆகவே சீமெந்துத் தளம் இன்றியமையாததன்று. சரிவை வெட்டிச் சமன் செய்த புற்றரையும் இரண்டு கம்பங்களும் போதும். நுவரெலியாவிலும் அட்டனிலும் உள்ள தோட்டப் பாடசாலைகளுக்கு இதனினும் ஏற்ற ஆட்டம் வேறு யாது? இதன் விதிகளை உலகெங்கும் ஒருசீராக்குவதற்குப் பல நாட்டுப் பிரதிநிதிகள் 1960ஆம் ஆண்டிற் கூடியதும் நம் இலங்கையிலேதான். 2009, 2018, 2022 ஆகிய ஆண்டுகளில் ஆசியக் கிண்ணத்தை நம் நாட்டு மகளிர் வென்றனர். அவ்வணியின் தூணாக விளங்கிய தர்ஜினி சிவலிங்கம் யாழ்ப்பாணத்துத் தமிழ்ப் பெண் என்பதை நேயர்கள் அறிவீர்கள்.

வீராங்கனையின் பெயரை உலகம் அறிகின்றது. அவளைக் கண்டெடுத்து, களத்தில் நிறுத்தி, இடையிலே விட்டுப் போகாது காத்த ஆசிரியையின் பெயரை எத்துணைப் பேர் அறிவர்? அத்தகைய பணியை முப்பத்தெட்டு ஆண்டுகள் ஆற்றிய ஒருவரின் வரலாற்றை இங்கு கூற விரும்புகின்றேன்.

பட் சம்மிட் 1952ஆம் ஆண்டு அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்திலே பிறந்தார். அவர் வளர்ந்தது நகரத்து மாளிகையிலன்று, உழவர் குடும்பத்திலே. புகையிலைத் தோட்டத்திலும் மாட்டுத் தொழுவத்திலும் சகோதரர்க்கு நிகராக உழைத்தார். அவ்வூர்ப் பாடசாலையிலே பெண்களுக்குக் கூடைப்பந்தாட்ட அணி இருக்கவில்லை. மகளின் ஆர்வத்தை உணர்ந்த பெற்றோர், அவள் ஆடுதற்பொருட்டு, அணியுள்ள வேறொரு பகுதிக்குக் குடிபெயர்ந்தனர். பெண்பிள்ளையின் விளையாட்டுக்காக வீட்டையே மாற்றிய பெற்றோரை நினைத்துப் பாருங்கள்! எனினும், அவர் சகோதரர்க்குக் கிடைத்த விளையாட்டுப் புலமைப்பரிசில் அவருக்குக் கிடைக்கவில்லை. பெண்களுக்கு அத்தகைய உதவி அக்காலத்தில் வழங்கப்படவில்லை. அவர் படிப்புக்குப் பெற்றோரே பணம் செலுத்தினர்.

1974ஆம் ஆண்டில், தம் இருபத்திரண்டாம் வயதில், டென்னஸிப் பல்கலைக்கழக மகளிர் அணியின் தலைமைப் பயிற்றுநர் பதவி அவரை வந்தடைந்தது. மாதச் சம்பளம் 250 டொலர். அணியின் வாகனத்தை ஓட்டியவரும் அவரே. ஆட்டக்காரிகளின் உடைகளைத் துவைத்தவரும் அவரே. விடுதிக்குக் கொடுக்கப் பணமின்றி, எதிரணியின் விளையாட்டு மண்டபத்திலே அவ்வணியினர் பாய் விரித்து உறங்கிய இரவும் உண்டு. அவர் பயிற்றுவித்த முதல் ஆட்டம் 84க்கு 83 என்ற கணக்கில், ஒரே புள்ளியால் தோல்வியாய் முடிந்தது.

அவ்வாறு தொடங்கியவர் 2012ஆம் ஆண்டு ஓய்வு பெற்றபோது, அவர் அணி 1,098 ஆட்டங்களில் வென்றிருந்தது. எட்டு முறை தேசிய வாகை சூடியிருந்தது. அமெரிக்கப் பல்கலைக்கழகக் கூடைப்பந்தாட்டத்தின் முதற் பிரிவில் அதுவரை ஆணோ பெண்ணோ எந்தப் பயிற்றுநரும் அத்தனை வெற்றிகளைப் பெற்றிருக்கவில்லை. பிற்காலத்திலேதான் வேறு சிலர் அத்தொகையைக் கடந்தனர். 1976ஆம் ஆண்டு மொன்றியல் ஒலிம்பிக்கில், மகளிர் கூடைப்பந்தாட்டம் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டபோது, ஆட்டக்காரியாக வெள்ளிப் பதக்கம் பெற்றார். 1984இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் அவர் பயிற்றிய அணி தங்கம் வென்றது.

இவ்வெற்றிகளெல்லாம் பெரியனவே. ஆயினும், பாடசாலை அதிபர் என்ற முறையில் என் கருத்தைக் கவர்ந்தது மற்றொரு கணக்கு. அவரிடம் பயின்று, தமக்குரிய ஆட்டக் காலத்தை அங்கே முற்ற முடித்த பெண்கள் அனைவரும் பட்டம் பெற்றே வெளியேறினர். இது தற்செயலாய் நிகழ்ந்ததன்று. அணியிலுள்ள மாணவியர் வகுப்பறையிலே முதல் மூன்று வரிசைகளுள் அமர்தல் வேண்டும், பாடத்துக்கு வராதவள் ஆட்டத்துக்கும் இல்லை என்பன அவர் வகுத்த சட்டங்கள். வெற்றிக்காகவும் அச்சட்டம் தளரவில்லை. விளையாட்டுப் படிப்பைக் கெடுக்கும் என்று கூறுவோர்க்கு இதனினும் தெளிவான விடை வேண்டுமோ?

இனி நம் நிலையைச் சிறிது எண்ணிப் பார்ப்போம். ஆறாம் ஏழாம் வகுப்பிலே மானைப்போல் ஓடியாடும் சிறுமி, ஒன்பதாம் வகுப்புக்கு வரும்போது களத்தில் இருப்பதில்லை. “பிள்ளை பெரியவளாயிட்டா டீச்சர், இனி விளையாட்டுக்கு அனுப்ப மாட்டோம்” என்று தாய் வந்து கூறுவாள். அத்தாயைக் குறை கூறுதல் முறையன்று. காலையிலே பிரட்டுக்குச் சென்றவள் மாலையில் கொழுந்து நிறுத்து வீடு திரும்பும்போது, தண்ணீர் எடுத்து வைக்கவும் அடுப்பு மூட்டவும் வீட்டிலே ஒருவர் வேண்டுமன்றோ? இருள் சூழ்ந்த பின், தேயிலைக்கு நடுவேயுள்ள ஒற்றையடிப் பாதையில் மகள் தனியே வருவதை எந்தத் தாய்தான் விரும்புவாள்? ஆனால், முதலிற் களத்தை விட்ட பிள்ளை பின்னர்ப் பாடசாலையையும் விட்டு விலகுவதை நம்மிற் பலர் கண்டிருக்கின்றோம். பாடசாலைக்கு வருவதில் அவளுக்கு இருந்த ஆசைகளுள் ஒன்றை நாம் பறித்துவிட்டோம். மீதியும் நாளடைவிற் கரைந்துவிடுகின்றது.

பெண்கள் களத்தின் ஒரு பகுதியை விட்டு வெளியே செல்லலாகாது என்ற விதி, அக்காலத்தில் அவர்களைக் காப்பதற்கென்றே செய்யப்பட்டது. டென்னஸி மாநிலத்து உயர்நிலைப் பாடசாலைகளிலும் 1970களின் பிற்பகுதி வரை, பெண்கள் பாதிக் களத்திலேயே நின்று ஆடினர். முழுக் களமும் அவர்களுக்கு வேண்டுமென நீதிமன்றத்திலே சாட்சி சொன்னவர்களுள் பட் சம்மிட்டும் ஒருவர். காப்பதற்கென நாம் இடும் கோடு, காலம் மாறிய பின் தடையாகிவிடுதலும் உண்டு.

ஆகவே, பயிற்சி பொறுப்பேற்ற ஆசிரியைகளிடம் நான் வேண்டுவது பெரிய காரியமன்று. பயிற்சியைப் பொழுது சாய்வதற்கு முன்னரே முடித்து, ஒரே தோட்டத்துப் பிள்ளைகளை ஒன்றாக அனுப்புங்கள். ஒருத்தி இரண்டு நாள் வராவிடின், மூன்றாம் நாள் அவள் லயத்துக்கே சென்று தாயிடம் பேசுங்கள். அவள் எறிந்த பந்துகளின் கணக்கோடு, அவள் பாடசாலைக்கு வந்த நாட்களின் கணக்கும் உங்கள் குறிப்பேட்டில் இருக்கட்டும். தாய்மார்களே, வெண்கட்டிக் கோட்டின் வெளியே நின்று ஒரு முறையேனும் உங்கள் மகளின் ஆட்டத்தைப் பாருங்கள்.

2011ஆம் ஆண்டு, ஐம்பத்தொன்பதாம் வயதில், நினைவை அழிக்கும் அல்சைமர் நோய் பட் சம்மிட்டைப் பற்றியது. அதனை அவர் மறைக்கவில்லை. உலகறியக் கூறிவிட்டு, மேலும் ஓராண்டு களத்திலே நின்றார். 2016ஆம் ஆண்டு ஜூன் மாதம் காலமானார். வென்ற ஆட்டங்களின் தொகையை அவர் மறந்திருக்கலாம். அவர் கையால் உருவான பெண்கள் பலர், தாமே பயிற்றுநராகி, வேறு பெண்களை உருவாக்கினர். நம் தோட்டத்துப் பிள்ளையொருத்தி படித்து ஆசிரியையாகி, தான் ஆடிய அதே புற்றரைக்கு ஊதுகுழலுடன் திரும்பி வருவாளாயின், அவளுக்குப் பயிற்றிய ஆசிரியைக்கு அதனினும் பெரிய கிண்ணம் வேறில்லை.