நீரை விட்டு நீருக்கே

உப்பு நீரைக் காய்ச்சினால் நீர் ஆவியாகிவிடுகிறது, உப்பு தங்குகிறது. ஆனால், நீரில் கரைந்துள்ள எல்லாப் பொருள்களையும் இவ்வாறு பெற இயலாது. வெப்பம் பட்டால் சிதைந்துபோகும் கரிம அமிலங்கள் சில உண்டு. அவற்றை நெருப்பின் துணையின்றிப் பிரிப்பது எப்படி?

நீரோடு எளிதில் கலவாத ஈதர் போன்ற கரைப்பான் ஒன்றை அந்நீரில் ஊற்றிக் குலுக்குகிறோம். சற்று நேரத்தில் ஈதர் மேலும் நீர் கீழுமாகப் பிரிந்து நிற்கும். இதற்குள் அமிலத்தின் ஒரு பகுதி ஈதரில் குடியேறிவிடுகிறது. ஈதரில் அதன் செறிவு நீரில் உள்ளதைப்போல் மும்மடங்கு என்று வைத்துக்கொள்வோம். நீரின் அளவிற்கே ஈதரை எடுத்து ஒரே முறை குலுக்கினால், 100 பங்கு அமிலத்தில் 25 பங்கு நீரில் எஞ்சும். அதே ஈதரை இரு சமபாதியாக்கி இரு முறை குலுக்கினாலோ, 16 பங்கே எஞ்சும்.

மாணவ நேயர்களே! இதனினும் நுட்பமான செய்தி ஒன்று உண்டு. புளிப்பு மிகுந்த நீரில் கரிம அமிலத்தின் மூலக்கூறு மின்னூட்டமின்றி முழுமையாக இருக்கிறது. எனவே ஈதரை நாடுகிறது. காரம் சேர்ந்தாலோ, அது மின்னூட்டம் பெற்று, உப்பாக மாறி நீரையே நாடுகிறது. பொருள் ஒன்றே, சூழ்நிலைக்கேற்ப அதன் நாட்டம் மாறுகிறது.

பெனிசிலினும் ஓர் அமிலமே. 1928-ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் பிளெமிங் அதனைக் கண்டறிந்தார். 1932-இல் ரெய்ஸ்டிரிக் குழுவினர் அதனைப் புளிப்பாக்கிய நீரிலிருந்து ஈதருக்குக் கொணர்ந்தனர். ஆயினும், ஈதரை ஆவியாக்கியபோது மருந்தின் ஆற்றலும் மறைந்தது. முயற்சி அங்கே நின்றது.

1940-இல் ஆக்ஸ்போர்டில், புளோரியின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய நார்மன் ஹீட்லி ஒரு வழி கூறினார். ஈதரை ஏன் ஆவியாக்க வேண்டும்? சிறிது காரம் சேர்த்த புதிய நீரோடு அதனைக் குலுக்கினால், பெனிசிலின் நீருக்கே திரும்பிவிடுமே! நீரிலிருந்து எடுத்ததை மீண்டும் நீரிலேயே விடுவது வீண்வேலையாகத் தோன்றலாம். ஆனால், முதல் நீரிலிருந்த மாசுகளிற் பல அங்கேயே தங்கிவிட்டன. வேறு சில ஈதரில் நின்றுவிட்டன. புதிய நீரோ அளவிற் சிறியது, தூய்மை மிக்கது. புளிப்பில் பெனிசிலின் நெடுநேரம் நிலைக்காது. ஆகவே, குளிர்ந்த நிலையில் விரைவாக இவ்வேலை நடைபெற்றது. பின்னர் அந்நீரை உறையவைத்து உலர்த்திப் பொடியாக்கினர்.

அவ்வாண்டு மே 25-ஆம் நாள், கொடிய கிருமிகள் செலுத்தப்பட்ட எட்டு எலிகளுள் நான்கிற்கு இம்மருந்து தரப்பட்டது. மறுநாள் காலைக்குள், மருந்து பெறாத நான்கும் மடிந்தன, பெற்றவை உயிரோடிருந்தன.

1941 பிப்ரவரியில் ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்னும் காவலருக்கு இது செலுத்தப்பட்டது. அவர் தேறிவந்தார், மருந்தோ தீர்ந்துகொண்டிருந்தது. அவருடைய சிறுநீரில் வெளியேறிய பெனிசிலினையும் பிரித்தெடுத்து மீண்டும் செலுத்தினர். அதுவும் போதவில்லை. மார்ச்சு மாதத்தில் அவர் இறந்தார்.

நீரில் எஞ்சுவது 25 பங்கா, 16 பங்கா என்னும் கணக்கு, தேர்வுக்காக மட்டும் ஏற்பட்டதன்று. இன்றும் பெனிசிலின் ஆலைகளில், ஈதருக்குப் பதிலாகப் பியூட்டைல் அசிட்டேட் போன்ற கரைப்பான்களைக் கொண்டு, இதே தத்துவத்தின்படி மருந்தைப் பிரிக்கின்றனர். உங்கள் ஆய்வுக்கூடத்தில் பிரிபுனலைக் கையிலெடுக்கும்போது இதனை நினைவிற் கொள்ளுங்கள்.